ஹிஸ்டரியில மூணு கிரெடிட் குறையுது

உக்காரும்மா, உக்காந்தே அழு. நின்னுக்கிட்டு அழுதா மட்டும் டோக்கன் சீக்கிரம் வந்துடுமா என்ன? இப்பதான் நாப்பத்தொண்ணு. உனக்கு எத்தன, அம்பத்தாறா? எனக்கு அம்பத்தேழு. நெறைய நேரம் இருக்கு.

சீட்டக் காட்ட வேணாம், நானே சொல்றேன். ஹிஸ்டரியில மூணு கிரெடிட் குறையுது, பட்டத்துக்குத் தகுதி இல்லன்னு போட்டிருக்கும். சரியா? ஜோசியமெல்லாம் ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே நீ? நம்ம ஆளுங்க எல்லாரும் ரெண்டாவது வருஷம் அறிவியல் வரலாறுன்னு அந்தப் பொதுப்பாடத்தத்தான் எடுப்போம். கையேட்டுல போட்டிருக்குல்ல, அந்த ஒண்ணு மட்டும் ஹிஸ்டரிக்கும் ஆகும், சயின்ஸுக்கும் ஆகும்னு. ஒரு பரீட்சையில ரெண்டு தலைவலி தீருதேன்னு விழுந்தடிச்சுக்கிட்டுப் போய்ச் சேருவோம். நீயும் அப்படித்தான சேந்த?

நானா? ஆறாவது வருஷம். நாலு வருஷப் படிப்புக்குத்தான். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ, கேன்டீன்காரரே என்ன மேடம்னுதான் கூப்பிடுறாரு. ப்ரோகிராமிங், கணக்கு எல்லாத்துலயும் நல்ல மார்க்குதான். ஹிஸ்டரிதான் உசுர வாங்கிடுச்சு. இதே சீட்டு எனக்கும் வந்துச்சு. நாமதான் எங்கயோ கோட்ட விட்டுட்டோம்னு நெனச்சு இன்னொரு ஹிஸ்டரி பாடம் எடுத்தேன். ஃபெயில். எனக்கு வருஷமும் நிக்காது, ராஜா பேரும் நிக்காது. அடுத்த தடவ அதுவும் லேபும் ஒரே நேரத்துல வந்துச்சு. அதுக்கடுத்த தடவ வாத்தியாரு ரிட்டயர் ஆயிட்டாரு, பாடமே போடல. கடைசியா இந்த செமஸ்டர் எழுதினேன், ரெண்டு மார்க்குல போச்சு. ஆறு வருஷத்துக்கு மேல விடமாட்டாங்க. இந்த மாசத்தோட முடியுது.

வீட்லயா? அம்மா ஹால்ல ஒரு ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க, நான் பட்டமளிப்பு கவுன் போட்டு நிக்கிற போட்டோவ மாட்ட. ரெண்டு வருஷமா அதுல குடை தொங்குது. அப்பா ஒண்ணுமே கேக்க மாட்டாரு. போன்ல சாப்பிட்டியாம்பாரு, அப்புறம் பேசாம இருப்பாரு, ஆனா போன வெக்க மாட்டாரு. திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன்.

முன்னாடியெல்லாம் இந்தத் தொல்லையே இல்லம்மா. இந்தக் கவுன்ட்டர்ல ஒரு கிளார்க்கம்மா இருந்தாங்க. பெரிய தாள விரிச்சு வெச்சு, அறிவியல் வரலாறு வந்தா பென்சிலால ரெண்டு கட்டத்துலயும் டிக் அடிப்பாங்க, அவ்வளவுதான். அப்புறம் அந்த வேலையத் தூக்கி ப்ரோகிராம்கிட்டக் குடுத்துட்டாங்க. இங்க படிச்ச ஒரு பொண்ணு செஞ்சதுதான், கடைசி வருஷ ப்ராஜெக்ட்டு. தொண்ணூத்தெட்டு மார்க்கு. கிளார்க்கம்மா மட்டும் கேட்டாங்க, ஏம்மா, இது தப்பு பண்ணாதான்னு. அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? மெஷின் தப்பு பண்ணாதும்மா, எண்ணுற ஆளுங்கதான் பண்ணுவாங்கன்னு. அன்னைலேர்ந்து இந்த ஆபீஸ்ல யாரும் கையேட்டத் தொறக்கல.

தப்பு என்னன்னு கேளு, இத்தனூண்டு. பாடத்தோட நம்பரையே சாவியா வெச்சுட்டா. நீயும் படிச்சிருப்பியே, ஒரு சாவிக்கு ஒரு இடந்தான். அந்த ஒரே இடத்துல ப்ரோகிராம் மொதல்ல ஹிஸ்டரின்னு எழுதுச்சு, அப்புறம் அதுமேலயே சயின்ஸ்னு எழுதுச்சு, ஹிஸ்டரி அழிஞ்சுபோச்சு. எரர்கூட வராது, சமத்தா ஓடும்.

என் ரூம்மேட்டுக்குத்தான் மொதல்ல இந்தச் சீட்டு வந்துச்சு. இதே பெஞ்சுலதான் உக்காந்து அழுதா. ஒழுங்கா எண்ணிருக்க மாட்டடி, உன் மேலதான் தப்புன்னு சொல்லிட்டேன். நான்தான் சொன்னேன். அவ ஊருக்குப் போனவதான், திரும்பி வரல. இப்ப நான் கூப்பிட்டா போன எடுக்குறதில்ல. எடுத்தாலும் என்னத்தச் சொல்றது?

எனக்கு எப்படித் தெரிஞ்சுதா? போன வாரம்தான் அந்த ப்ரோகிராம் ஃபைலத் தொறந்து பாத்தேன். எப்படிக் கெடச்சுதுன்னா, கெடச்சுது, விடேன். அது வரைக்கும் சந்தேகமே வரலம்மா. என் மேலதான் வந்துச்சு.

சொல்லாம இருப்பேனா? அன்னைக்கே ஓடி வந்து ஆபீசர்கிட்டச் சொன்னேன். தங்கமான மனுஷன், உக்கார வெச்சுத் தண்ணியெல்லாம் குடுத்தாரு. கையேட்டக் காட்டினேன். அது பழசும்மா, இப்ப ப்ரோகிராம் சொல்றதுதான் விதின்னாரு. அப்ப ப்ரோகிராமே தப்புன்னா என்ன சார் பண்றதுன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, செஞ்சவங்களே எழுத்துல குடுக்கட்டும், மாத்திடலாம்னாரு.

குடுத்தாச்சு. மறுநாளே குடுத்தாச்சு. ரெண்டு பக்கம், கையெழுத்தோட. பொறுமையா முழுசாப் படிச்சாரு. படிச்சுட்டுச் சொல்றாரு, இந்த மாதிரிச் சான்று குடுக்குறவங்க பட்டம் வாங்கினவங்களா இருக்கணுமாம். சர்டிஃபிகேட் நகல் எங்கன்னு கேட்டாரு.

இல்லையே. அவகிட்ட எங்க இருக்கும்?

ஏன் இல்லையா? உன் சீட்ட எடு. அடியில பாரு, பொடி எழுத்துல, தயாரிப்புன்னு போட்டு ஒரு பேரு இருக்கும். கண்ணத் தொடச்சுட்டுப் பாரு, இருக்கா? இந்தா, இது என் காலேஜ் அடையாள அட்ட. பக்கத்துல வெச்சுப் படி.

ம்.

அப்படிப் பாக்காத. திட்டணும்னா திட்டிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

எனக்கு வேற ஒண்ணும் வேல இல்ல. காலேஜ்லேர்ந்து என் பேர எடுத்துடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டு, ப்ளஸ் டூ சர்டிஃபிகேட்டத் திரும்ப வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்.

பாரு, பேச்சு சுவாரசியத்துல அம்பத்தாறு வந்துடுச்சு. எந்திரி. கையேட்டுல பதினாலாம் பக்கம்னு சொல்லு, அழாமச் சொல்லு. நான் காட்டினா எடுபடல, உனக்காவது எடுபடட்டும். ஒண்ணே ஒண்ணு, உள்ள போய் என் பேர மட்டும் சொல்லிடாத. அவளே இன்னும் பாஸ் பண்ணலம்பாங்க.