எதிரியின் குரலில் ஆடியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரித் தலைவர் முனைவர் எஸ்ட்வெட் அவர்களே, அருட்திரு டோலஃப்சன் அவர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து அமர்ந்திருக்கும் மார்லிஸ் அம்மையாரே, இந்தப் பனியிலும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு இந்த விளையாட்டுக் கூடத்துக்கு வந்திருக்கும் நார்ட்பி ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் கனத்த மனதோடு என் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். பழைய டிராக்டர் வாங்கி, பழுது பார்த்து, விற்கிறவன். எல்டன் ப்ரூகர். எஞ்சினில் விரிசல் இருந்தால் வாங்க வருகிறவரிடம் முதலில் அதைத்தான் காட்டுவேன். இங்கேயும் அப்படியே பேசுகிறேன். நம் வெண்டல் ஹார்ஸ்டாட்டுக்குப் பெயிண்ட் அடித்து உங்கள் முன் நிறுத்த எனக்கு வராது.

எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள், வெண்டல் தன் கனவை எட்டிப் பிடித்தவர் என்று. எட்டினாரா? நம் கல்லூரியில் பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்திய பெருமைமிகு குவார்ட்டர்பேக், தெற்கு டகோட்டாவின் இந்த மூலையிலிருந்து தொழில்முறை ஃபுட்பாலுக்குப் போன ஒரே மனிதர், வெண்டல் ஹார்ஸ்டாட்! அவர் எதை எட்டினார்? அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

அந்தத் தொழில்முறை அணிக்காரர்கள் பெரிய கல்லூரிப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி, மேடைக்கு அழைத்து, தொப்பி மாட்டி எடுத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைக்கு அதெல்லாம் இல்லை. எல்லாரையும் எடுத்து முடித்த பிறகு, "வந்து பார், இடம் இருந்தால் வைத்துக்கொள்கிறோம்" என்று ஒரு தொலைபேசி அழைப்பு. போனார். வைத்துக்கொண்டார்கள். எதற்கு? ஆடவா? இல்லை, அன்பர்களே, இல்லை! நடிக்க!

ஒவ்வொரு ஞாயிறும் ஓர் எதிரணி வரும். அந்த அணியின் குவார்ட்டர்பேக் எப்படி நிற்பான், எந்தத் தோளை முதலில் திருப்புவான், பந்தை வாங்குவதற்கு முன் தன் ஆட்களைக் கிளப்ப எந்தத் தாளத்தில் "ஹட்" என்று கத்துவான் என்று பார்த்து, வாரம் முழுக்கப் பயிற்சியில் அவனாகவே ஆடிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். சொந்த அணியின் தடுப்பாட்டக்காரர்கள் அந்த ஆளைத் துரத்திப் பழகுவார்கள். அந்த ஆள்தான் வெண்டல்.

அந்த அணியில் மலை மாதிரி ஒரு தடுப்பாட்டக்காரன் இருந்தான், க்ளீவன் டூப்ரே என்று. தினமும் காலையில் வெண்டலைப் பார்த்ததும் கேட்பானாம்: "ஏலேய் டகோட்டா, இந்த வாரம் யாருடா நீ?"

இவர் அந்த வாரத்து எதிரியின் பெயரைச் சொல்வார்.

"உன் பேரு என்னன்னு என்னைக்காவது சொல்லுவியா?"

"என்னை ஆட விடச் சொல்லு. அன்னைக்குச் சொல்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மனிதர் வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். ஒரு ஆட்டம். வெண்டல் ஹார்ஸ்டாட்டாக ஒரே ஒரு ஆட்டம்.

கிடைத்தது! மூன்றாவது வருடக் கடைசியில், முதல் ஆளுக்கு முழங்கால் போனது. இரண்டாம் ஆளுக்கு ஆட்டத்தின் நடுவிலேயே கட்டைவிரல் முறிந்தது. பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். மிச்சம் இருந்தது நம் ஆள் மட்டும்தான். நாமெல்லாம் அன்றைக்கு ஓலாஃப் மதுக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றோம், நினைவிருக்கிறதா? டோலஃப்சன் ஐயா மாலை ஆராதனையையே தள்ளிப்போட்டாரே! மார்லிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாரே!

வெண்டலின் அணி கொஞ்சம்தான் பின்தங்கியிருந்தது. பந்து நம் கையில். நேரமும் இருந்தது. வெண்டல் போய் நின்றார். குனிந்தார். கத்தினார்.

யாருடைய தாளத்தில் கத்தினார்? எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் தாளத்தில்! அந்த வாரம் முழுக்க அவன் மாதிரியே கத்திப் பழகிய தொண்டை. முதல் கூப்பாட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அவன் ஒரு மூச்சு இழுத்துப் பிடிப்பான். இவரும் பிடித்தார். அவர் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் எப்போது கிளம்புவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். எதிரில் நின்றவர்களுக்கோ அது தினமும் தங்கள் மைதானத்தில் கேட்டுப் பழகிய குரல்! எந்த நொடியில் பந்து அசையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பாய்ந்தார்கள். வெண்டலுக்குத் திரும்பக்கூட நேரமில்லை. பந்து சிதறியது. எடுத்தவன் ஓடிப் போய்ப் புள்ளியாக்கினான்.



அவரை வீழ்த்தியவனே கை கொடுத்துத் தூக்கிவிட்டானாம். தூக்கும்போது கேட்டானாம்: "எங்க ஆளு மாதிரியே கூப்பிட்டியே தம்பி! யாருப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

அதற்குப் பிறகு அவரைக் களத்தில் இறக்கவில்லை; பந்தை வேறு ஓர் ஆட்டக்காரனிடம் கொடுத்துச் சமாளித்தார்கள். செவ்வாய்க்கிழமை பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தார். விதைக் கிடங்கில் மூட்டை ஏற்றினார். மாலையில் நம் கல்லூரி மைதானத்தில் தனியாக ஓடினார். ஏன் ஓடுகிறார் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் என் கடைக்குள் ஓடி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். தெற்கில் ஓர் அணியிலிருந்து அழைப்பு வந்திருந்தது.

"எல்டன் அண்ணே, கூப்பிட்டுட்டாங்க! நாளைக்கே வரச் சொல்றாங்க."

"ஆட வைக்கவா?"

அவர் மேசைமேல் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"வெண்டல், நேராச் சொல்லுடா. எதுக்குக் கூப்பிடறாங்க?"

"ஞாயித்துக்கிழமை அவங்க மோதறது என் பழைய டீமோட. அந்தக் குவார்ட்டர்பேக்கை எனக்கு நல்லாத் தெரியும்ல. அவனை மாதிரி ஒரு வாரம் ஆடிக் காட்டணுமாம்."

"அதுக்கப்புறம்?"

"பிடிச்சிருந்தா வெச்சுக்குவாங்க."

"அப்படின்னு அவங்க சொன்னாங்களா, நீ சொல்றியா?"

"போகாம இருந்தா என்னண்ணே தெரியப்போகுது?" என்றார்.

போனார். சனிக்கிழமை பேருந்தில் திரும்பி வந்தார். ஆட்டத்துக்கு ஒரு நாள் முன்னால்! ஞாயிறு மாலை அந்த அணி ஜெயித்த செய்தியை விதைக் கிடங்கு வானொலியில் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களிடம், "நல்லாத் தயார் பண்ணியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் குளிர்காலத்தோடு மைதானத்தில் ஓடுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு நம் கல்லூரி அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். பேருந்தை அவர்தான் ஓட்டினார், மைதானத்து வெள்ளைக் கோடுகளையும் அவர்தான் போட்டார். யாரிடமும் கசப்பாகப் பேசியதில்லை. யாரையும் நம்பிப் பேசியதும் இல்லை. போன வருடம் கல்லூரி ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. ஆளும் இல்லை, வசதியும் இல்லை. முனைவர் எஸ்ட்வெட் அவர்களைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்தச் செய்தியை அவர் வெண்டலிடம் சொன்னபோது, "சரிங்கய்யா, சாவி எங்க வைக்கணும்?" என்று மட்டும் கேட்டாராம். போன வாரம் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் சரிந்துவிட்டார். மார்லிஸ் காபியோடு கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இந்த இடத்தில் ஆறுதல் சொல்ல வேண்டும். என்னிடம் இல்லை, அன்பர்களே. இல்லாத சரக்கை நான் எப்படி விற்பேன்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிக்கச் சொன்னார்கள். எந்தப் பணியை? இன்னொருவன் ஜெயிக்க இன்னொருவனாக மாறி நிற்பதையா? அதை நம் வீட்டுப் பிள்ளை எவனும் தொடர வேண்டாம். அணியும் இல்லாத ஊரில் தொடரத்தான் என்ன இருக்கிறது?

ஆனால் இந்தக் கல்லூரியில் அவர் ஆடினாரே! யாரைப் போலவும் இல்லாமல், அவராகவே ஆடினாரே! அந்தக் குரல் எப்படி இருந்தது? நேற்று ஆர்வில் ஸ்காரைப் பிடித்துக் கேட்டேன். வெண்டலுக்கு முன்னால் குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்தவர் அவர்தான், கல்லூரிக் காலம் முழுக்க.

"எப்படிடா கூப்பிடுவான்? ஒரு தடவை செஞ்சு காட்டு" என்றேன்.

ஆர்வில் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அந்தத் தொலைக்காட்சியில பார்த்ததுதான் வருது, எல்டன். அது அவனோடது இல்லையே" என்றார். அழுதுவிட்டார்.

மார்லிஸும் யோசித்துப் பார்த்தார். வரவில்லை.

அதனால் இன்று காலை நாங்கள் மூவரும் கல்லூரிக் கிடங்கைத் திறந்து பழைய ஆட்டப் படச்சுருள்களை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். வெண்டல் வருகிறார், இளைஞராக. குனிகிறார். வாயைத் திறந்து கத்துகிறார். பயிற்சியாளர்கள் ஆட்டத்தைப் பார்க்க எடுத்த படங்கள் அவை. ஒன்றில்கூட ஒலி இல்லை.

எனவே முனைவர் அவர்களே, என்னால் தர முடிந்த உறுதி இவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் இதே கூடத்தில் அந்தப் படங்களை ஓட்டுவோம். இந்தக் கட்டடம் நிற்கும் வரை, எங்களில் ஒருவர் மிஞ்சும் வரை ஓட்டுவோம். அவர் வாய் அசையும். நாம் உட்கார்ந்து பார்ப்போம்.

போய் வா, வெண்டல்.