பதினான்காவது மாடி

எனக்குப் படி ஏறுவது பிடிக்கும் ஐயா. லிஃப்ட் ரிப்பேர்காரன் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. எண்பது கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்துக்குத் தயாராக, நான் லிஃப்ட் பார்த்துக்கொள்ளும் இருபத்திரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தில்தான் ஞாயிறு காலைகளில் ஏறி இறங்குவோம். முதுகில் மணல் பையோடு பத்துத் தடவை. நானும் என் சகலையும். அவனுக்கு ஓடக் கற்றுக்கொடுத்ததே நான். இறக்கத்தில் கால் நகம் கறுக்காமல் இருக்க ஷூ நாடாவை எப்படிக் கட்டுவது என்பதுவரை சொல்லிக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் என்னை முந்திவிட்டான். தகுதி ஓட்டத்தில் அவன் தேறினான். நான் பதினொரு நிமிட வித்தியாசத்தில் கோட்டைவிட்டேன்.

மாமனார் வீட்டில் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். "பரவால்ல மாப்ள, சின்னவருக்குக் கூடமாட போய்ப் பை தூக்குங்க" என்றார் மாமனார். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

உங்கள் மேஜைமேல் இருக்கும் தாள் அவன் எழுதியதுதான். 'ஐந்தாவது ஏற்றத்துக்குப் பிறகு நான் எவ்வளவு கெஞ்சினாலும் சகலை என்னை உட்கார விடக்கூடாது.' நான் கேட்கவில்லை, அவனாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அன்று ஆறாவது ஏற்றம். பதினான்காவது மாடியில் உட்கார்ந்துவிட்டான்.

"சகல, நெஞ்ச அடைக்குது. லிஃப்ட்ல எறக்கி விடுங்க."

"லிஃப்ட் ரிப்பேர். எழுதிக் கொடுத்தது ஞாபகம் இருக்கில்ல? எந்திரி."

எழுந்தான். என் பேச்சுக்கு அவனிடம் அவ்வளவு மரியாதை. இன்னும் ஐந்து மாடி ஏறினான், அதற்குமேல் முடியவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு படியில்தான் வந்தார்கள், பாவம்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது குற்றமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். முந்தின ஞாயிறு அதே மாடியில் அவன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிந்தபோது லிஃப்டில் இறக்கியதும் நான்தான். "வீட்ல சொல்லிடாதீங்க சகல, அவ ஓட விடமாட்டா" என்றான். நான் மூச்சு விடவில்லை.

லிஃப்டா? அவன் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் சுவிட்சை அணைத்து 'ரிப்பேர்' பலகையை மாட்டினேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. பழுது பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியாதா?