துளசிபாய் பெட்டியில கெடந்த சத்தம்

ரொம்ப காலத்துக்கு முந்தி, கரண்டு பாதி ஊருக்கு எட்டாத நாள்ல, நம்ம வேப்பலாங்குறிச்சிக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருசா வருசம் பாவைக்கூத்துக்காரங்க வருவாவ, கேட்டியளா. சங்கரராவு தோல்பாவைய ஆட்டுவாரு. அவரு பொஞ்சாதி துளசிபாய் திரைக்குப் பின்னால இருந்து பாடுவா, பேசுவா. ராசாவுக்கும் அவதான் குரலு, கழுதைக்கும் அவதான் குரலு.

அவகிட்ட ஒரு டேப்ரிக்கார்டர் இருந்துச்சாம். சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒரு வியாபாரி, கூத்தைப் பாத்து மனசு குளுந்து குடுத்தது. போற ஊர்லயெல்லாம் காதுக்குப் புடிச்ச சத்தம் எதுவானாலும் புடிச்சு வச்சுக்கிடுவா. தறிச் சத்தம், மோர்க்காரி கூவுறது, மழைக்கு முந்தி தவளை கத்துறது. சத்தம் புடிச்ச எடத்துல கண்ணுல பட்ட ஒரு சாமானையும் எடுத்து, அந்த கேசட்டோட துணியால சேத்துக் கட்டி தகரப்பெட்டியில போட்டுருவா. உடைஞ்ச மணி இருக்கும், பானை ஓடு இருக்கும். ஒண்ணுலயும் பேரு எழுத மாட்டா.

"பாவைக்கே வண்டியில எடம் இல்ல. இந்தக் குப்பை எதுக்குட்டி?"ன்னு சங்கரராவு வைவாரு.

"எதுக்குன்னு எனக்கும் தெரியல. கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, எடுத்தேன்"ம்பா அவ.

அந்த வருசம் கொடை முடிஞ்ச மறுநா காலையில பாத்தா, மாட்டுக்கு எறக்கிப் போட்ட வைக்கோல் போருக்குள்ள ஒரு பொட்டப்பிள்ள உறங்கிக் கெடக்கு. பேச்சே சரியா வராத பிள்ள. பேரென்னன்னு கேட்டா பாப்பாங்குது. ஊரு எதுன்னு கேட்டா வீடுங்குது. வைக்கோல் வண்டியில ஏறி உறங்கிருக்கும், வைக்கோலோட சேந்து இங்க எறங்கிருக்கும். வைக்கோல் கொண்டாந்தவன் ஊர் ஊராப் போயி விக்கிறவன். அவன் எந்தத் திசையில போனான்னே ஒருத்தருக்கும் தெரியல. பிள்ள பாலைக் குடுத்தாலும் தள்ளி விடுது, சோத்தக் குடுத்தாலும் தள்ளி விடுது. அழுது அழுது தொண்டை கட்டிப் போச்சு.

ஊர்ப் பெரியவரு வன்னியபெருமாள் வந்து பாத்தாரு. "டவுன்ல அனாதைப் பிள்ளைய வளக்குத எடம் இருக்குல்லா, அங்க கொண்டு விட்டுருவோம். அவங்க பாத்துக்கிடுவாவ"ன்னாரு.

துளசி பிள்ளைய வாரி இடுப்புல வச்சுக்கிட்டா. அங்க போயிட்டா, பெத்தவ எந்த வாசல்ல போயி இந்தப் பிள்ளையக் கேப்பா?

"ஐயா, மத்தியானம் வரைக்கும் என்கிட்ட விடுங்க"ன்னா.

"நீ என்ன செய்வ, பாயம்மா?"

"ஊரு பேரு தெரியாட்டாலும் ஊருச் சத்தம் தெரியும்லா அதுக்கு."

வேப்பமரத்தடியில பெட்டியத் தெறந்து வச்சு, பிள்ளைய மடியில இருத்திக்கிட்டா. ஒவ்வொண்ணாப் போட்டா. தறி ஓடுது, பிள்ள அழுது. மோர்க்காரி கூவுதா, பிள்ள அழுது. மணி அடிக்கி, அப்பவும் அழுது. கூடி நின்ன சனம் மெள்ளக் கலையுது. சங்கரராவு மட்டும் பேட்டரிக் கட்டைய வெயில்ல காய வச்சு காய வச்சு எடுத்துக் குடுத்தாராம்.

பொறவு ஒண்ணு போட்டா. மாடு கட்டித் தண்ணி எறைக்கிற கமலைக் கிணறு. உருளை கிறீச்சுன்னு சுத்துது, ஒரு கெழவரு மாட்டை அதட்டுதாரு: "ஏ செவலை, பின்னால வா. செவலை, வா வா."

பிள்ள அழுகைய நிப்பாட்டுச்சு. மடிய விட்டு எறங்கி, டேப்ரிக்கார்டருக்குப் பின்னால போயி எட்டிப் பாத்துச்சாம். "தாத்தா மாடு"ன்னுச்சு. "செவலை, வா"ன்னுச்சு.

சரி, எந்த ஊருக் கிணறு? கேசட்டோட கட்டியிருந்தது ஒரு துண்டுத் தோலு, கமலையில தண்ணி மொள்ளுற சாலுல இருந்து கிழிஞ்சது. துளசி அத மூக்குல வச்சு மோந்தா. கண்ண மூடுனா.

"தண்ணி உப்புக் கரிச்சுது. கெழவரு கருப்பட்டி குடுத்துக் குடிக்கச் சொன்னாரு. நாம ரொம்ப நேரம் அங்க இருந்தோம். ஏன் இருந்தோம்? இந்தாரும், உமக்கு ஞாபகம் இருக்கா?"

சங்கரராவு தலையச் சொறிஞ்சாரு. "உப்புத் தண்ணியா? அது நம்ம வண்டி அச்சு ஒடிஞ்ச எடம்லா. செம்மண் தேரி மேட்டத் தாண்டி, செந்தட்டிவிளை."

வன்னியபெருமாள் தன் வில்வண்டியப் பூட்டச் சொன்னாரு. அவரே ஓட்டுனாரு. துளசி மடியில பிள்ள. வழியெல்லாம் அவளுக்கு ஒரே நெனப்புதான். மாட்டுக்குச் செவலைன்னு ஊருக்கு ஊரு பேரு உண்டே. நாம போற ஊரு தப்பாப் போச்சுன்னா, இந்தப் பிள்ள மொகத்துல எப்படி முழிக்க?

செந்தட்டிவிளைக்குப் போனா தெருவுல ஒரு ஆளு இல்ல. அம்புட்டுப் பேரும் கமலைக் கிணத்தச் சுத்தி நிக்காவ. உள்ள நாலஞ்சு ஆம்பளையாளு முங்கி முங்கித் தேடுதாவ. கரையில ஒரு பொம்பள, கண்ணுல தண்ணி வத்திப் போயி, மண்ணப் பாத்துட்டே உக்காந்திருக்கா. ஒருத்தரும் வண்டியத் திரும்பிப் பாக்கல.

பிள்ள வண்டியில இருந்தே சொல்லுச்சாம்: "அம்மா, பசிக்கி."

அந்தப் பொம்பள நிமுந்தா. எந்திரிக்க முடியல, தவந்தே வந்தா. வந்தவ பிள்ள முதுகுல பட்டுன்னு ஒண்ணு வச்சா. வச்சுட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டு, அப்பதான் அழுதா. கெணத்துக்குள்ள கெடந்தவன்லாம் சேதி கேட்டு, ஏறி வரத் தெம்பில்லாம படியிலயே உக்காந்து சிரிக்கானாம். கமலை ஓட்டுற கெழவரு மாத்தரம் துளசி காலடியில வந்து குத்தவச்சு, ஒரு துண்டு கருப்பட்டிய நீட்டுனாரு. துளசி அதக் கடிச்சுக்கிட்டு, உப்புத் தண்ணிய ஒரு செம்பு நெறைய வாங்கிக் குடிச்சாளாம்.

திரும்பி வரயில வன்னியபெருமாள் வண்டிய ஓட்டிக்கிட்டே சொன்னாரு: "எல்லாப் பிள்ளைக்கும் உன் பெட்டியில சத்தம் இருக்காதே, பாயம்மா."

"இருக்காது ஐயா. பிள்ளைக்கு ஊரு பேரச் சொல்லிக் குடுக்கணும்"னா அவ.

அடுத்த கொடையில அவரு செஞ்ச ஏற்பாடுதான் இந்தக் கோயில் வாசல்ல நீங்க இப்ப பாத்தது. உச்சிப்பொழுதுக்கு மேளத்தை நிப்பாட்டிருவாவ. வந்த பிள்ளைக அம்புட்டும் கோயில் முன்னால நின்னு அவுக அவுக ஊரு பேரத் தொண்டை கிழியச் சொல்லணும். பேச்சு வராத பிள்ளைக்குத் தாயி காதுல சொல்லிக் குடுப்பா. கடைசிப் பிள்ள சொல்லி முடிச்ச பொறவுதான் மேளக்காரரு கம்பை எடுப்பாரு. அதுக்குப் பேரு துளசி நேரம். சாமிக்குப் படைச்ச சோறே ஆறிப் போனாலும் ஒருத்தரும் அவசரப்படுத்த மாட்டாவ.