கண்மறைப்பு

மேசை இப்படிக் கிடப்பதற்கு மன்னிக்க வேண்டும், சார்ஜண்ட். முட்டைக்கு விடும் பெட்டைகளுக்குக் கண்மறைப்பு மாட்டும் வாரம் இது. அந்தக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் கோப்பையை வையுங்கள். உங்கள் அப்பா என்னோடு பறவை விரட்டக் காடு கலைக்க வந்த காலத்தில் நீங்கள் இதே மேசைக்கு அடியில் நாய்க்குட்டியோடு விளையாடியவர். மென்னா என்று கூப்பிடத்தான் வாய் வருகிறது. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருப்பதால் சார்ஜண்ட் என்றே சொல்கிறேன்.

கையில் எடுத்துப் பாருங்கள், ஒன்றும் செய்யாது. சின்ன பிளாஸ்டிக் துண்டு. அலகின் மேல் உட்கார்ந்து மூக்குத் துளையில் பிடித்துக்கொள்ளும். மாட்டியபின் ஃபெசன்ட் கோழிக்குப் பக்கவாட்டில் தெரியும், காலடியில் தீனி தெரியும், நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியாது. அடைத்த இடத்தில் இவை ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கும், இட்ட முட்டையைக் கொத்திக் குடிக்கும். இதை மாட்டிய மறுநாளே பரம சாதுவாகிவிடும். நகரத்து அம்மாக்கள் சிலர் இதைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். அன்று மாலை அதே பறவையின் வறுவலை எலும்பு வரை சப்பிச் சாப்பிடுவார்கள். எனக்கு அவர்களோடு சண்டை இல்லை.

சுட வருகிறவர்களுக்காகப் பறவை வளர்ப்பது என் தொழில். குஞ்சுகளை விளக்குச் சூட்டில் வைத்து, மழையில் நனையாமல் காத்து, கோடையில் காட்டுக்குள் இருக்கும் வலைக்கூண்டுக்கு மாற்றி, பிறகு கதவைத் திறந்துவிடுவேன். கூண்டுக்குள் இருக்கும்வரை பறவை வளர்த்தவனுடையது என்கிறது உங்கள் சட்டம். திறந்துவிட்டால் யாருக்கும் சொந்தமில்லையாம். எவன் நிலத்தில் போய் உட்காருகிறதோ அவன் சுட்டுக்கொள்ளலாமாம். அதை எழுதியவன் ஒரு குஞ்சுக்குக்கூடத் தண்ணீர் வைத்திருக்க மாட்டான். நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சாயங்காலம் வாளியைத் தட்டிச் சீழ்க்கை அடித்தால் மேட்டிலிருந்தும் புதரிலிருந்தும் என் பறவைகள் ஓடி வரும். யாருடையவை என்று அவற்றுக்குத் தெரியும்.

என் மகள் நெஸ்டாவையும் அப்படித்தான் வளர்த்தேன். அவள் அம்மா ஓல்வென், பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் பஸ் ஏறிப் போனவள் திரும்பவில்லை. அது என் அசட்டை. ஒருமுறை பட்டவன் மறுமுறை ஏமாறக் கூடாது அல்லவா? நெஸ்டா கார் ஓட்டக் கற்கவேண்டும் என்றாள். இந்த மலைப்பாதையில் பனி உறையும் என்று சொல்லி நிறுத்தினேன். லட்லோவில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. குஞ்சு பொரிக்கும் நேரத்தில் எப்படிப் போவாய் என்று கேட்டேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. முப்பது வயது தாண்டியும் அப்பாவுக்குச் சோறு வைத்துக்கொண்டு, குஞ்சுகளோடு பேசிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். வேண்டுமானால் ஊரில் யாரையும் கேளுங்கள்.

அப்புறம் தீனி லாரி ஓட்டிக்கொண்டு டீவி ரீஸ் என்றொருவன் வந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பையன். நல்லவன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மூட்டை இறக்கப் பத்து நிமிடம் போதும். அவன் ஒரு மணி நேரம் இறக்குவான். நெஸ்டா சிரிக்கும் சத்தம் வீடு வரை கேட்கும். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டை இல்லாமலே வந்தான். இலையுதிர் காலம் பிறந்தபோது, வரும் கோடையில் கல்யாணம், அந்தப் பக்கம்தான் குடித்தனம் என்றாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள்.

அன்று மாலை இந்தக் கிண்ணத்தின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். கோபம் இல்லை. கோபத்தில் செய்தவன் என்று எழுதிவிடாதீர்கள், அது பொய். பையனைக் கொல்லவும் நினைக்கவில்லை. கொத்துகிற கோழியை யாராவது கொல்வார்களா? நேர் எதிரே இருப்பதை அவன் பார்க்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது.

காட்டின் கீழ் மூலை உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் அறுத்த வயல். வயலில் துப்பாக்கிக்காரர்கள் காட்டைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். பறவைகள் மரத்துக்கு மேலே உயர எழும்பி வரவேண்டும், தாழ வருவதைச் சுடக் கூடாது. அது சட்டத்தைவிடப் பெரிய சட்டம். எழும்ப வைப்பது நான்தான். காட்டோரத்தில் துணி கட்டிய கயிறு ஒன்றை இழுத்துக் கட்டுவேன். அது படபடப்பதைப் பார்த்து மிரண்டு நெட்டுக்குத்தலாகக் கிளம்பும். அந்த வருடம் மூலையில் கயிறு கட்டவில்லை. சோம்பு எண்ணெய் பிசறிய மக்காச்சோளத்தைப் பள்ளத்தை ஒட்டிய வயலில் தினமும் தூவினேன். நவம்பர் மழை நிற்பதற்குள் பறவைகள் பள்ளத்தை உரசிக்கொண்டு தாழப் பறந்து தீனிக்குப் போகப் பழகிவிட்டன. இந்த நாட்டில் இதைச் செய்யக்கூடியவன் வேறு எவன் என்று காட்டுங்கள்.

பார்ஜிட்டர் என்று வுல்வர்ஹாம்ப்டனில் கூரை ஓடு விற்கும் வியாபாரி ஒருவர் சுட வருவார். பறவையைக் கண்டால் கை தாங்காது. அதற்கு முந்தின வருடமே தாழ வந்ததைச் சுட்டு, நிலத்துக்காரரான என் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். நிற்கும் இடத்தைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள், ஒவ்வொரு காட்டுக்கும் வரிசையில் இடம் மாறிக்கொண்டே போவார்கள், ஆனால் எந்தக் காட்டை எப்போது கலைப்பது என்பது என் கையில். அவர் மூலைக்கு நேராக வரும் முறைக்கு அந்தக் காட்டை வைத்துக்கொண்டேன்.

பறவைகள் பக்கவாட்டில் நழுவாமல் மறித்து நிற்க அந்த மூலைக்கு ஓர் ஆள் வேண்டும். டீவியை நானே கூப்பிட்டேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புதுத் தொப்பி வாங்கி வந்திருந்தான். நெஸ்டா அவனுக்கு ரொட்டிக்குள் இறைச்சி வைத்துக் கட்டிக் கொடுத்தாள். பள்ளத்தில் அவனை இறக்கிவிட்டபோது, "எங்க பாத்து நிக்கணும் மாமா?" என்று கேட்டான். அதுவரை பெரியவரே என்றுதான் கூப்பிடுவான்.

"காட்டப் பாத்து குனிஞ்சு இரு. தலைக்கு மேல றெக்கச் சத்தம் கேட்டா எந்திரிச்சுத் திரும்பு. எந்தப் பக்கம் போகுதுன்னு நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றேன்.

நல்லாப் பார் என்றுதான் சொன்னேன். அவன் பார்த்தான்.

அந்தத் தூரத்தில் சிறு ரவை ஆளைக் கொல்லாது. எனக்குத் தெரியும். முகத்தில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம். கண் இரண்டிலும் ஒவ்வொன்று. சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் நான்தான். என் கழுத்துத்துணியைத்தான் அவன் முகத்தில் கட்டினேன். பார்ஜிட்டர் வயலில் முட்டிபோட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்டீர்கள். பார்ஜிட்டருக்காக இல்லை, அவர் துப்பாக்கியை விற்றுவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தால் கிடக்கட்டும். மனசாட்சி என்று ஏதாவது எழுதிக்கொள்ளவும் வேண்டாம். விசாரித்துவிட்டு என்ன முடிவு சொன்னீர்கள்? பறவைகள் எதிர்பாராத விதமாகத் தாழப் பறந்ததால் நேர்ந்த விபத்து என்று. மதுக்கடையில் என் காதுபடவே என் பெயரைச் சொல்லி, ஐவர் ப்ராபர்ட்டுக்கு வயதாகிவிட்டது, கோழிகள் அவன் சொல்பேச்சுக் கேட்பதில்லை என்கிறார்கள். முதலாளி வேறு ஆள் பார்க்கிறாராம். எதிர்பாராத விதமாக என் பறவை ஒன்றுகூடப் பறந்ததில்லை, சார்ஜண்ட். நான் பழக்கிய இடத்தில், நான் பழக்கிய உயரத்தில் பறந்தன. அதைத் திருத்தி எழுதுங்கள். அதற்குத்தான் உங்களை வரச்சொன்னேன்.

நெஸ்டாவா? அவள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். போன மாதம் துணிமணி எடுக்க வந்தாள். இந்தக் கதவருகில் பையோடு நின்று, "அவரால இனிமே இந்தப் பக்கம் வர முடியாதுப்பா. அதான் நான் அங்க போறேன்" என்றாள்.

"கண்ணு தெரியாதவனோட எத்தனை நாளு தள்ளுவே?"

"கண்ணு தெரிஞ்ச உங்களோட இத்தனை வருஷம் தள்ளலையா?"

பெண்பிள்ளைகள் அசதியில் எதையாவது சொல்லும். அவளை அங்கே இழுப்பது இரக்கம்தான், சார்ஜண்ட். இரக்கம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? திறந்துவிட்ட புதிதில் எந்தப் பறவையும் இரண்டு மூன்று நாள் மரத்திலேயே உட்கார்ந்திருக்கும், தீனிக்கு வராது. அனுபவம் இல்லாதவன் பதறிப்போவான்.

தினமும் சாயங்காலம் ஆற்றங்கரை வரை போய்ச் சீழ்க்கை அடிக்கிறேன். அவர்கள் வீடு நேர் எதிர்க்கரையில்தான். முதல் வாரம் ஜன்னல் திறந்திருந்தது. இப்போது சாத்தியிருக்கிறார்கள். காற்று குளிராக இருக்கிறது, அதனால் இருக்கும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? சரி. மேல்சட்டையை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று, மென்னா. அடுப்படிக் கதவை மட்டும் பூட்ட வேண்டாம். அவளுடைய தட்டு மேசையிலேயே இருக்கட்டும். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாள். நான் வளர்த்தது எதுவும் வராமல் இருந்ததில்லை.