என் முகம் கறுத்தால் ஷாட் ஓகே

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தாம்பரம் திரைப்படச் சங்கத் தலைவர் மெர்வின் சார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி உங்களையெல்லாம் அழவைத்துவிட்டு அமர்ந்திருக்கும் பெருமக்களே! முன்வரிசையில் இருக்கும், தேவானந்தத்தின் துணைவியார் ஹில்டா டீச்சர் அவர்களே, மகள் எப்சி அவர்களே! மேடையின் ஓரத்தில், எப்போது எழுந்து போகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தயாரிப்பாளர் சேட்டு அவர்களே! கடற்கரையிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் ரேணுகாம்பாள் அம்மாவே, மீனவச் சொந்தங்களே! சேலையூரிலிருந்தும் அஸ்தினாபுரத்திலிருந்தும் வந்து, நாற்காலி கிடைக்காமல் வாசல் வரை நிற்கும் பொதுமக்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என்ன கூட்டம்! என்ன கூட்டம்! கேம்ப் ரோட்டில் பஸ் நகரவில்லை என்கிறார்கள். இதில் கால்வாசிப் பேர் என் படத்துக்கு வந்திருந்தால், நான் இன்றைக்கும் டைரக்டராகவே இருந்திருப்பேன். மனசில் பட்டதைச் சொல்லிவிட்டேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் எனக்கொன்றும் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் லோகு. போன மாதம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போன இயக்குநர், ‘நெய்தல் திலகம்’ தேவானந்தம் அவர்களும் நானும் ஒரே டைரக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர்கள். இரும்புலியூரில் ஒரே அறையில் ஒரே பாயைப் பங்கு போட்டுக்கொண்டு படுத்தவர்கள். பிறகு அவர் தேவானந்தம் ஆனார். நான் தேவானந்தத்தின் நண்பன் ஆனேன். அவருக்கு ‘நெய்தல் திலகம்’ என்று பட்டம் சூட்டினார்கள். எனக்கு? ‘கோ டைரக்டர் லோகு.’ அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்ன சொன்னார்கள்? மகான் என்றார் ஒருவர். குழந்தை மனசு என்றார் இன்னொருவர். யாருக்கு ஐயா குழந்தை மனசு? தேவானந்தத்துக்கா? படப்பிடிப்பில் அவர் திட்டாத ஆள் உண்டா? போன் செய்தால் எடுத்ததுண்டா? என் முதல் படத்தின் பிரிவியூவுக்கு வந்து, முதல் பாட்டிலேயே குறட்டை விட்டு, முடிந்ததும் என் தோளில் கை போட்டு, “மச்சான், ஏசி நல்லாருந்துச்சுடா” என்று சொன்னவர் குழந்தையா? அப்படிப்பட்ட குழந்தை எந்த வீட்டிலும் பிறக்க வேண்டாம்!

இந்த மண்டபத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. வெளியே டீ குடிக்கும்போது கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஒரு தம்பி சொல்கிறார்: “மனுஷன் ஜீனியஸ் சார். ஒரு அம்மா மீன் கழுவுறத அஞ்சு நிமிஷம் காட்டுவாரு, கண்ணுல தண்ணி வந்துடும்.” பக்கத்தில் நின்றவர் சொல்கிறார்: “அஞ்சு நிமிஷம் மீன் கழுவுனா எனக்கும்தான் தண்ணி வருது. கொட்டாவி விட்டு.” ஒருவருக்கு அவர் மேதை. இன்னொருவருக்கு அவர் தலைக்கனம் பிடித்தவர். நான் எந்தக் கட்சி? இரண்டிலும் இருக்கிறேன். அவர் படத்தைப் பார்க்கும்போது முதல் கட்சி. பார்த்துவிட்டு வெளியே வந்ததும் இரண்டாவது கட்சி!

என்னம்மா ரேணுகாம்பாள், ஏதோ சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். சரி, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும், அவர் சொன்னதை நானே மைக்கில் சொல்கிறேன். “இன்னா சார் மேதை? என்னிய வெயில்ல நிக்க வெச்சி பேஜார் பண்ணிகினு இருந்தாரு. ஒரு வாட்டியாவது நல்லா கீதுன்னு சொல்லிருப்பாரா?” கேட்டீர்களா? மீன் விற்றுக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து கதாநாயகி ஆக்கினார் என்று பத்திரிகை எழுதியது. கதாநாயகி என்ன சொல்கிறார் பாருங்கள்!

அவர் செய்த சேவைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று மெர்வின் சார் சொல்லியிருந்தார். பேசுகிறேன். பெருவெள்ளத்தில் தாம்பரத்தின் தெருக்கள் மூழ்கியபோது, கடற்கரையிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிவந்து தெருவில் ஓட்டியவர் யார்? தேவானந்தம்! மாடிகளில் தவித்தவர்களுக்குப் பால் கொண்டுபோனவர் யார்? தேவானந்தம்! எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம் வந்தது. மறுக்கவில்லை. ஆனால், அன்பானவர்களே, அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரத்தில் பால் பாக்கெட்டை நீட்டுகிற ஒரு கை தெரியும். முழங்கைக்கு மேல் வெட்டிவிட்டார்கள். அந்தக் கை என் கை!

வீட்டில் மட்டும் நிம்மதியா? என் படம் வெளியான அன்று, இடைவேளையில் வெளியே போன என் மனைவி ஜெயஸ்ரீ திரும்பி வரவே இல்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதே ஜெயஸ்ரீ தேவானந்தத்தின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்: “நீங்க ஏங்க இந்த மாதிரி எடுக்க மாட்டேங்கறீங்க?” நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு கேள்வி வந்தால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. இந்த மாலைகளைப் பார்க்கும்போதும் எரிகிறது.

சரி, அப்படிப்பட்டவனை ஏன் அவர் கடைசி வரை கோ டைரக்டராகக் கூடவே வைத்திருந்தார்? பழகிய பாசமா? இரக்கமா? அதுதான் இல்லை! அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

ஒரு ஷாட் முடிந்ததும் எல்லா டைரக்டரும் மானிட்டரைப் பார்ப்பார்கள். தேவானந்தம் பார்க்க மாட்டார். திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். என் முகம் மலர்ந்திருந்தால், “ஒன் மோர்.” என் முகம் கறுத்திருந்தால், “ஷாட் ஓகே, அடுத்து.” யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். லைட்மேன்கள்கூட என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் லைட்டை இறக்குவார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், “என்னடா நினைச்சிட்டிருக்க என்னைப் பத்தி?” என்று. அவர் சிரிக்கவில்லை. “டேய் லோகு, எனக்குச் சினிமா தெரியுதோ இல்லையோ, உன் வயித்தெரிச்சலுக்குத் தெரியும்டா. அது ஒரு தடவையும் ஏமாந்ததில்ல” என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? முகத்தை மலர்த்திப் பார்த்தேன், முடியவில்லை. நல்ல ஷாட் வரும்போது சிரித்தபடி நிற்கவேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டு போவேன். அங்கே போனால் முகம் என் பேச்சைக் கேட்காது. அவர் எடுத்த ஒவ்வொரு நல்ல ஷாட்டிலும் கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுத்த மூஞ்சி இருக்கிறது. விருதுக் கமிட்டிக்கு அது தெரியாது.

இப்போது கடைசிப் படத்துக்கு வருகிறேன். கடலோரத்து வீட்டை விற்றுவிட்டு, மகனோடு சேலையூர் ஃபிளாட்டுக்குக் குடிவருகிற ஒரு மீன்காரம்மாவின் கதை. கடைசிக் காட்சியில் அவர் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிறார். வாழ்நாள் முழுக்க மீன் விற்றவர், முதன்முறையாகக் காசு கொடுத்து மீன் வாங்குகிறார். இவ்வளவுதான் காட்சி. ரேணுகாம்பாள் அம்மா நடித்தார். விலை கேட்கும்போது உடைந்து அழுதார். என்ன அழுகை! நான் என்னை மறந்து கைதட்டி, “அருமை!” என்று கத்திவிட்டேன்.

அங்கேதான் விபரீதம் நடந்தது. சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் கடைசி ஷாட் முடிந்ததும், கேமராவுக்குச் சுற்றிப் பூசணிக்காய் உடைப்போம். உடைத்தால் படப்பிடிப்பு முடிந்தது என்று அர்த்தம். தேவானந்தம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் யூனிட்டின் நம்பிக்கைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அன்றைக்குப் பூசணிக்காயோடு தயாராக நின்றது புரொடக்ஷன் மேனேஜர் மகேஷ். படத்துக்குப் புதிதாக வந்த ஆள். கோ டைரக்டரே கைதட்டுகிறார், அப்படியானால் பிரமாதம், அப்படியானால் படம் முடிந்தது என்று நினைத்துப் படாரென்று உடைத்துவிட்டார்!

தேவானந்தம் உடைந்த காயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “உனக்குப் பிடிச்சிருக்காடா?” என்றார். பிடித்திருக்கிறது என்றேன். “போச்சு” என்றார். “அவங்க அழக் கூடாதுடா. மீன் என்ன விலைன்னு கேக்கணும், வாங்கணும், போகணும். அழறத நீயே எடுப்பியே” என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஏன் தெரியுமா? உண்மை. நான் எடுத்திருந்தால் அந்த ஷாட்டை அப்படியேதான் எடுத்திருப்பேன். அதனால்தான் எனக்குப் பிடித்தது!

மறுபடி எடுக்க வேண்டும் என்றார். சேட்டு சார் ஒப்பவில்லை. சேட்டு சார், மறுக்காதீர்கள், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். “பூசணிக்கா உடைச்சப்புறம் கேமராவ வெளிய எடுத்தா ராசி இல்ல சார், படமே படுத்துடும்” என்று சொன்னீர்களா இல்லையா? அந்த இழுபறியிலேயே அவர் போய்விட்டார். இப்போது போஸ்டர் அடிக்கத் தயாராகிவிட்டீர்கள். சற்று முன்னால் இந்த மேடையில், “தேவானந்தம் முழுமையாக முடித்துக் கொடுத்த கடைசிக் காவியம்” என்று சொன்னீர்கள். முழுமையாக முடித்தாரா? சொல்லுங்கள், முடித்தாரா?

அடக்கம் முடிந்த அன்று ஹில்டா டீச்சர் என்னைக் கூப்பிட்டார். “லோகு அண்ணா, அவர் கடைசி வரைக்கும் அந்த சீன் வரலன்னுதான் சொல்லிட்டு இருந்தார். நீங்க எடுத்துக் குடுங்க” என்றார். “டீச்சர், எனக்கு அந்த ஷாட் பிடிச்சிருக்கு டீச்சர்” என்றேன். “அதான் அண்ணா பயமா இருக்கு” என்றார்.

டீச்சர், அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் எடுக்காவிட்டால், தேவானந்தத்தின் பெயரில் என் ஷாட் ஒன்று ஊரெல்லாம் ஓடும். ஜனங்கள் அதைப் பார்த்து அழுவார்கள், கைதட்டுவார்கள். எனக்கு அது போதாதா? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். போதும் என்றுகூடத் தோன்றியது. நான் எடுத்தால் என்ன ஆகும்? நன்றாக வந்தால் தேவானந்தம். கெட்டுப்போனால் லோகு. இதில் எனக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல்தான் லாபம்.

ஆனாலும் கேட்கிறேன். சேட்டு சார், இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். இவர்கள் எல்லோரும் டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள். ஒரு நாள். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரே ஒரு நாள். ரேணுகாம்பாள் அம்மா, நீங்கள் வருவீர்களா? “நான் வரேன் சார், ஆனா இந்த வாட்டி அழ மாட்டேன், அப்பாலிக்கா அழுவுன்னு என்னிய திட்டக் கூடாது” என்கிறார். திட்ட மாட்டேன் அம்மா. சேட்டு சார் என்ன சொல்கிறார்? தலையை ஆட்டுகிறார். எந்தப் பக்கம் ஆட்டுகிறார்? வாயால் சொல்லுங்கள் சார்! “சரி, ஒரு நாள். ஆனா இன்னொரு பூசணிக்கா உங்க செலவு.” கேட்டீர்கள் அல்லவா? கைதட்டுங்கள்! இந்த ஒரு கைதட்டல் எனக்குத்தான், அவருக்குக் கொடுக்காதீர்கள்!

டேய் தேவா. அங்கே போட்டோவில் மாலைக்குள் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறாய். உன்னைப் போல எனக்கு எடுக்கத் தெரியாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஜெயஸ்ரீக்கும் தெரியும். உன்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன், அதனால் காலையில் எழுந்து வேலைக்கு வந்தேன். இனி நான் யாரைப் பார்த்து எரிவேன்? சின்னப் பையன்கள் எத்தனையோ பேர் படம் எடுக்கிறார்கள். நன்றாகத்தான் எடுக்கிறார்கள். ஒருத்தன்மேலும் எனக்குப் பொறாமை வரமாட்டேன் என்கிறது. இந்தத் துக்கத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

அவையோரே! நம் தேவானந்தம் விட்டுப்போன வேலையை முடித்துத் தருவேன் என்று உங்கள் முன்னால் உறுதி கூறுகிறேன். எப்படி முடிப்பேன்? அந்த அம்மா மீன் விலை கேட்பார். நான் எடுப்பேன். எடுத்ததைப் பார்ப்பேன். எனக்குப் பிடித்திருந்தால் தூக்கிப் போடுவேன். மறுபடி எடுப்பேன். அதுவும் பிடித்திருந்தால் அதையும் தூக்கிப் போடுவேன். வெயில் ஏறட்டும். மார்க்கெட்டில் ஈ மொய்க்கட்டும். சேட்டு கத்தட்டும். நான்தான் எடுத்தேன் என்பதே எனக்கு மறந்துபோய், ‘எவன்டா இதை எடுத்தவன்?’ என்று என் வயிறு பற்றி எரிகிற வரைக்கும், ‘ஒன் மோர்’ என்றுதான் சொல்வேன்.