வெடித்தால்தான் எழுந்திருப்பார்

"போன வருசம் இது வெடிக்கலை ஆசாரி. அதனால ஏசு எந்திரிக்கவே இல்லை" என்றார் சர்ச் உபதேசியார்.

ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ஆசாரியின் மடியில், பழுது பார்க்க வாங்கியிருந்த அவர்களுடைய பழைய கைத்துப்பாக்கி. உபதேசியாருடன் வந்தவர் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஈஸ்டர் நாடகத்துல, வெடிச்சத்தம் கேட்டதும் கல்லறையிலருந்து எந்திரிக்கணும். சத்தம் வரலை. ஏசுவா படுத்தவன் அப்படியே தூங்கிட்டான்."

"ஸ்பிரிங்கு மாத்திட்டேன், சக்கிமுக்கிக் கல்லும் மாத்திட்டேன். பொறி பறக்கு, மருந்துல தீப்பிடிக்க மாட்டேங்கு. இதை எங்க வச்சிருந்தீய?"

"மெழுகுவத்திப் பெட்டியில."

"அதான்! மெழுகு வெயில்ல உருகி, தீ போற துவாரத்தை அடைச்சிருக்கு."

ஆசாரி ஊசியால் மெழுகைக் குத்தி எடுத்தார். குண்டில்லாமல் மருந்தை மட்டும் போட்டு, வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

டமார்!

தூங்கியவர் துண்டை உதறிவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி எழுந்து நின்றார்.

"எந்திரிச்சிட்டாரு ஆசாரி!" என்று துள்ளினார் உபதேசியார். "எங்க ஏசு எந்திரிச்சிட்டாரு!"