தட்டினால் வருகிறேன் என்றேன்

கோட்டோரத்தில் அந்த இடத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். காதில் கருவி மாட்டிய கோச் ஹாலிக். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பிராக்ஸ்டன். முதலாண்டு மாணவன், முதல் பாதியிலேயே கணுக்கால் பிசகிவிட்டது. அவன் காலில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த மிஸ் ரெனே. அணியில் யாருக்கு அடிபட்டாலும் பார்ப்பவர் அவர்தான். பிறகு நான். ஐந்தாவது ஆளான கோர்டெல் மைதானத்துக்குள் இருந்தான். அக்டோபர் மாதச் சனிக்கிழமை. அலபாமாவில் வெக்கை தணிந்து மனிதன் மூச்சுவிடத் தொடங்கும் மாதம் அது. நல்ல காற்று அடித்தது.

வெயில் கண்ணில் அடித்ததால் கோர்டெலைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று அப்போது உங்கள் விசாரணைக் குழுவிடம் எழுதிக் கொடுத்தேன். வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. யாராவது அந்த நேரத்தில் மைதானத்துக்குப் போய் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் போகவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்புவது உங்களுக்கு வசதியாக இருந்தது, எனக்கும்தான்.

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் எங்கள் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓட வேண்டும். நாலைந்து பேர் மேலே விழுந்து சாய்ப்பார்கள். எழுந்து வந்து மறுபடி ஓட வேண்டும். ஓர் ஆட்டத்தில் முப்பது முறை அப்படி ஓட வேண்டியிருக்கும். ஒரே ஆள் முப்பதையும் ஓடினால் உடம்பு தாங்காது. அதனால் இரண்டு மூன்று ஓட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடாதவனை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காதவனுக்கு அடுத்த வருடம் இடமில்லை.

ஹாலிக்கின் முறை சுலபமானது. எவன் காலில் சூடு இருக்கிறதோ அவனுக்கே பந்து. அவராக யாரையும் வெளியே கூப்பிட மாட்டார். முதல் வருடம், முதல் நாள், அவர் சொன்னது இது: "எனக்கு ரெண்டு கண்ணுதான் இருக்கு, ரெண்டும் எதிராளி மேல. மூச்சு வாங்குச்சுன்னா ஹெல்மெட்ட ரெண்டு தட்டு தட்டு. வெளிய நிக்கிறவன் அதப் பாத்துட்டு உள்ள ஓடணும். உள்ள இருக்கிறவன் கையப் பாக்குறது வெளிய நிக்கிறவன் வேல. என் வேல இல்ல."

நானும் கோர்டெலும் ஒரே அறையில் இருந்தோம். அன்று மாலை, மடியில் வறுத்த கெளுத்தி மீன் பொட்டலத்தோடு, அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான். "மூணு ஓட்டத்துக்கு ஒரு தட்டு. சூடா இருந்தாலும் சரி, ஆறிப்போனாலும் சரி. நீ தட்டுனா நான் வர்றேன், நான் தட்டுனா நீ வா. அந்தாளு பிரிக்க வேணாம்டா, நாமளே பிரிச்சுக்குவோம்."

இரண்டு வருடம் அப்படியே நடந்தது. மூன்று ஓட்டத்துக்கு மேல் எங்களுக்கு மூச்சு தாங்கவில்லை என்று ஹாலிக் நினைத்தார். பயிற்சி முடிந்த பிறகு எங்கள் இருவரை மட்டும் பார்வையாளர் படிக்கட்டில் ஏறி இறங்க வைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறினோம். என் வாழ்க்கையில் நான் ஒரு மனிதனின் சொல்லை நம்பி, அது இரண்டு வருடம் நிலைத்தது அந்த ஒரு முறைதான்.

மூன்றாம் வருடம், செப்டம்பரில், பணம் கொடுத்து ஆட வைக்கும் பெரிய அணி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து மேல்வரிசையில் உட்கார்ந்தார். கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. கோர்டெல் மூன்று ஓடினான், தட்டவில்லை. ஆறு ஓடினான். நான் கோட்டில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றாவது ஓட்டத்துக்குப் பிறகுதான் கை தலைக்குப் போனது. கடந்து ஓடும்போது, "என்னடா, கை சுளுக்கிருச்சா?" என்று கேட்டேன். அந்த ஆள் வந்திருப்பதால் இந்த ஒரு ஆட்டம் மட்டும் விட்டுக்கொடு என்றான். கொடுத்தேன். அடுத்த வாரம் அந்த ஆள் வரவில்லை. அன்றும் அவன் தட்டவில்லை.

நான்கு ஆட்டங்கள் அப்படிப் போயின. நான் அவனிடம் சண்டை போடவில்லை. நண்பனிடம் கேட்டு வாங்கும் பொருள் அல்ல அது.

ஐந்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஆட்டத்தில் யாருக்கு எத்தனை ஓட்டம் என்று கூட்ட அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். கோர்டெல் இருபத்திரண்டு. பிராக்ஸ்டன் எட்டு. என் பெயருக்கு நேரே எண் இல்லை. தேவைப்பட்டால் என்று எழுதியிருந்தது. ஹாலிக்கிடம் போனேன். அவர் தலையைத் தூக்காமல், முட்டி வீங்குவதை மூன்றாவது ஆள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டார்.

என் முட்டி வீங்குவதைப் பார்த்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

அவன் மறுக்கவில்லை. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டிலில் படுத்தபடியே சொன்னான்: "ஆமா, நான்தான் சொன்னேன். தூக்கத்துல நீ முனகுறது எனக்குத்தான கேக்குது. அந்த முட்டி அறுந்துச்சுன்னா அப்புறம் நடக்கக்கூட முடியாதுடா."

"மூணு ஓட்டம்னு சொன்னது நீ" என்றேன்.

"அது சின்னப் பசங்க பேச்சுடா வெஸ்."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். உன் நல்லதுக்காகத்தான் சொன்னேன் என்று அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் விளக்கினான். அவனுக்கு இருபத்திரண்டு ஓட்டம் கிடைத்ததும் என் நல்லதுக்காகத்தானா என்று நான் கேட்கவில்லை. பின்னால் ஒரு மருத்துவர் என் முட்டியைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியான நேரத்தில் யாரோ உன்னை நிறுத்தியிருக்கிறார்கள், அவருக்கு நன்றி சொல் என்றார். மருத்துவர்கள் இப்படி எதையாவது சொல்வார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை. முன்னாள் மாணவர்கள் குடும்பத்தோடு வரும் ஆட்டம், அரங்கு நிறைந்திருந்தது. இரண்டாம் கால்பகுதியில் கோர்டெலின் தலையில் எதிராளி ஒருவனின் கால்முட்டி இடித்தது. எழுந்தான், எதிரணி நிற்கும் பக்கமாக இரண்டடி நடந்தான், பிறகு திரும்பி வந்தான். எல்லோரும் சிரித்தார்கள். இடைவேளையில் கழிவறையில் அவன் வாந்தி எடுத்தான். அப்போது அங்கே இருந்தது நான் மட்டும். குழாயைத் திறந்துவிட்டு அவன் பின்கழுத்தில் தண்ணீர் ஊற்றினேன். மிஸ் ரெனேவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். கேட்டேன் என்பது உண்மை.

"வேணாம்டா. அந்த ஸ்டாப்வாட்ச் ஆளு இன்னிக்கு வந்திருக்கான். முடிஞ்ச வரைக்கும் ஓடுறேன். முடியலன்னா தட்டுவேன். பிராக்ஸ்டனும் இல்ல, நீதான் இருக்க. நான் தட்டுனா வருவல்ல?"

"தட்டு, வர்றேன்" என்றேன்.

சொன்னபோது பொய்யாகச் சொல்லவில்லை. நீங்கள் இதைத் திட்டம் என்று எழுதக்கூடும். திட்டம் எதுவும் இல்லை.

கடைசிக் கால்பகுதி. எங்கள் அணி மெதுவாக முன்னேறிக்கொண்டிருந்தது. ஓட்டத்துக்கு மேல் ஓட்டமாக அவனுக்கே பந்து. ஒருமுறை எழுந்தபோது அவன் கை தலைக்குப் போனது. இரண்டு தட்டு. நான் பார்த்தேன். குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன். நாடா கட்டித்தான் இருந்தது. அவன் மறுபடி ஓடினான், விழுந்தான், எழுந்தான், தட்டினான். நான் தண்ணீர் குடித்தேன். மூன்றாவது முறை அவன் தட்டிவிட்டு அப்படியே நின்று என்னைப் பார்த்தான். முப்பது கெஜ தூரம். முகக் கம்பிக்குப் பின்னால் கண் தெரியாது, ஆனால் தலை என் பக்கம் இருந்தது.

என்ன நினைத்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு முறை தட்டட்டும் என்று நினைத்தேன். நான்கு ஆட்டங்கள் நான் அந்தக் கைக்காகக் காத்து நின்றேன். அவன் இரண்டு நிமிடம் காத்தால் என்ன என்று தோன்றியது.

அப்போதுதான் ஹாலிக் ஓரக்கண்ணால் கவனித்தார். "டேய், அவன் தட்டுறானா?"

"இல்ல கோச். ஹெல்மெட்ட சரி பண்றான்."

மிஸ் ரெனேவும் அதைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிராக்ஸ்டனின் கணுக்காலுக்குத் திரும்பினார். அவரை நீங்கள் வேலையிலிருந்து அனுப்பிவிட்டீர்கள். அவர் செய்தது என்னை நம்பியது மட்டும்தான்.

அடுத்த பந்தும் கோர்டெலுக்கு. அவன் அதைக் கையில் சரியாகக்கூடப் பிடிக்கவில்லை. இடித்தவன் பெரிய ஆள் இல்லை, இடியும் பெரிதில்லை. விழுந்தவன் எழவில்லை. வண்டி உள்ளே வந்து ஏற்றிப் போக இருபது நிமிடம் ஆனது. அரங்கு மொத்தமும் முழங்காலிட்டு ஜெபம் செய்தது. நானும் முழங்காலிட்டேன்.

பிறகு ஆட்டம் தொடர்ந்தது. உள்ளே போக என்னைத் தவிர ஆள் இல்லை. ஒன்பது முறை ஓடினேன். ஒரு முறை கடைசிக் கோட்டைத் தாண்டினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். முட்டி வலிக்கவே இல்லை. அதைவிட நன்றாக நான் எப்போதும் ஓடியதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஆட்டத்தைப் படம் பிடித்திருப்பார்களே என்று கேட்பீர்கள். எங்கள் படம் பந்து அசையும்போது தொடங்கும், ஆள் விழுந்ததும் நிற்கும். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பது எந்தப் படத்திலும் இல்லை. பத்துப் பதினைந்து பேர் அவன் கையைப் பார்த்திருக்கலாம். ஹெல்மெட்டைச் சரிசெய்தான் என்று நான் சொன்ன பிறகு, எல்லோருக்கும் அது அப்படித்தான் நினைவிருந்தது.

அந்த டிசம்பரில் கல்லூரியை விட்டேன். இப்போது கோழி இறைச்சி ஆலையில் இரவு வேலை. கோர்டெல் உயிரோடு இருக்கிறான். நடப்பதில்லை, பேசுவதில்லை, ஊட்டினால் விழுங்குவான். அவன் அம்மா மிஸ் வெர்னாவால் அவனைத் தனியாகத் தூக்க முடியாது. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நான் போய்க் குளிப்பாட்டுகிறேன். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் தவறவில்லை. அவர் என்னை மகனே என்று கூப்பிடுவார். கூட ஆடிய அத்தனை பேரில் திரும்பி வந்தவன் நான் ஒருவன்தான் என்று தேவாலயத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் அறிக்கை அவருக்குத் தபாலில் வந்தது. பதினேழாம் பக்கத்தில், காயமடைந்த மாணவர் வெளியே வர எந்தச் சைகையும் செய்யவில்லை என்று இருக்கிறது. அதை மடித்து பைபிளுக்குள் வைத்திருந்தார். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும், நான் அவனுக்குத் துவட்டிவிடும்போது, கதவோரம் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார். என்னிடம் அல்ல, அவனிடம். "ஏன்டா, அந்தக் கையத் தூக்க உனக்கு என்னடா கேடு? பந்துதான் பெருசாப் போச்சா? என்னைய நெனச்சியா நீ?"

அவன் மீது அவருக்குக் கோபம் வளர்ந்துகொண்டிருந்தது. ஊட்டும்போது கரண்டி பல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது. அது சரியில்லை என்று பட்டது. அவன் எனக்குச் செய்தது எனக்கும் அவனுக்கும் நடுவில் உள்ளது. பதினேழாம் பக்கம் தவறு. அதைத் திருத்தத்தான் உங்களிடம் வந்தேன். மனம் திருந்தி வந்ததாக எழுத வேண்டாம்.

உங்களிடம் வருவதற்கு முன், நேற்று, அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, அவன் குளித்து முடித்திருந்தான். அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டு, சமையலறையில் அவர் எதிரே உட்கார்ந்து, உங்களுக்குச் சொன்ன இதே வரிசையில் சொன்னேன். அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. கிண்ணம் நிறைந்த பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"எத்தன தடவ தட்டுனான்?"

உங்களிடம் மூன்று என்று சொன்னேன். ஹாலிக்கிடம் நான் அந்தப் பதிலைச் சொன்ன பிறகும் அவன் நின்ற இடத்திலேயே தட்டினான். அடுத்த ஓட்டத்தைத் தொடங்கப் பந்து வீசுபவன் சத்தமாக எண்ணத் தொடங்கிய பிறகு மறுபடியும் ஒரு முறை. நான் தலையசைத்தேன். வருகிறேன் என்பதுபோல. அதைப் பார்த்துத்தான் அவன் கையைக் கீழே போட்டான்.

"அஞ்சு" என்றேன்.

அவர் எழுந்தார். நான் வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டியிருந்த என் மேல்சட்டையை எடுத்து, தோளில் தூசு தட்டி, என் கையில் கொடுத்தார். வாசல் வரை கூடவே வந்தார். அழவில்லை, திட்டவில்லை. அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். புதன்கிழமை வழக்கமான நேரத்துக்கு வருகிறேன், அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. காது கொஞ்சம் மந்தம் அவருக்கு.

நான் படியில் கால் வைத்ததும் கதவு சாத்தப்பட்டது. சாவி ஒருமுறை திரும்பியது, மேல் தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு இந்த இரண்டு வருடத்தில் நான் கேட்டே இராத அந்தக் கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது. மணி பகல் இரண்டுதான். அந்தத் தெருவில் திருட்டு அதிகம், பகலிலும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.